தேய்ந்த கார்புரேட்டரை ஸ்க்ரூ திருப்பிச் சரிசெய்ய முடியாது

பழைய புல்லட் ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டரை விட்ட நிலையில்) அணைந்துபோகிறது என்று எந்தப் பட்டறையில் போய்ச் சொன்னாலும் முதலில் கை போவது கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவுக்குத்தான். அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே, ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி, ரெண்டு தடவை முறுக்கிக் காட்டி, "சரியாயிருச்சுங்க, எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு வண்டி ஓடும். அடுத்த வாரம் சிக்னலில் மறுபடியும் ஆஃப். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். ஏர் ஸ்க்ரூ என்பது நல்ல நிலையில் இருக்கிற கார்புரேட்டரை நுணுக்கமாகச் செட் பண்ணுவதற்காக வைத்தது. உள்ளே பித்தளை தேய்ந்து, எஞ்சினோடு சேருகிற ஃபிளான்ஜ் வளைந்து, சோக் ரப்பர் கல்லாகிக் கிடந்தால் அந்த ஸ்க்ரூவால் குறையை மறைக்கத்தான் முடியும், தீர்க்க முடியாது.

என்னிடம் இருப்பது பெரியப்பாவிடமிருந்து வந்த 1993 மாடல் ஸ்டாண்டர்டு 350. திருவொற்றியூர் தயாரிப்பு, வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பிளாட்டினம் பாயின்ட் இக்னிஷன். வின்டேஜ் என்று நான் சொல்லிக்கொள்வேனே தவிர சட்டப்படி அது வின்டேஜ் கிடையாது. 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான் அந்தப் பெயர், அதற்குத் தனி நம்பர் வரிசையும் உண்டு. நம் வண்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதில் இருப்பது மிக்கார்ப் விஎம்24. ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தோடு சேர்ந்து சென்னைப் பக்கம் யுகால் கம்பெனி தயாரித்தது. 24 என்பது காற்று போகும் வழியின் விட்டம், மில்லிமீட்டரில். ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கும் இதே குடும்பத்தின் சின்ன கார்புரேட்டர்தான், அதனால் கீழே எழுதியிருப்பதில் பெரும்பாலானது அவர்களுக்கும் பொருந்தும்.

"புதுசு வாங்கிப் போட்டுரலாமே, எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம். ஆனால் கடையில் இன்றைக்கு அதே உருவத்தில், அதே எழுத்து பொறித்து வருகிற எல்லாமே அதே சரக்கு இல்லை. ஜெட்டில், அதாவது பெட்ரோல் போகிற துளையுள்ள பித்தளைத் துண்டில், ஒரு நம்பர் அடித்திருக்கும், துளை வேறாக இருக்கும். பழைய ஒரிஜினல் பாடி உடையாமல், விரிசல் விடாமல் கையில் இருந்தால் அதைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. தேய்வது பெரும்பாலும் பாடிக்குள் இருக்கிற நான்கைந்து சின்னச் சாமான்தான்.

பிரிக்கும் முன் ஒரு வேலை. ஆக்சிலேட்டர் கிரிப்பில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அசையாத பக்கத்தில் ஒரு கோடு. இனி வண்டியை ஓட்டும்போது எந்தக் கோட்டில் தகராறு செய்கிறது என்று பாருங்கள், ஸ்பீடாமீட்டரைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. இந்த வகை கார்புரேட்டரில் முறுக்கிய அளவுக்குத் தகுந்தாற்போல் வெவ்வேறு உறுப்பு வேலை செய்கிறது. மூடிய நிலையிலிருந்து அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அதற்கு மேல் கால் வரை ஆக்சிலேட்டர் கேபிள் தூக்குகிற ஸ்லைடின் அடிப்பக்க வெட்டு, காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்குகிற நீடிலும் அது நுழைகிற நீடில் ஜெட்டும், அதற்கு மேல் மெயின் ஜெட். நாம் ஊருக்குள் ஓட்டுகிற ஓட்டமெல்லாம் அரைக்குக் கீழே. ஆனாலும் மைலேஜ் குறைந்தால் எல்லோரும் மாற்றுவது மெயின் ஜெட்டைத்தான், ஏனென்றால் அதுதான் கழற்ற சுலபம்.

என் வண்டியின் புகார்கள் இவை. ஐட்லிங் ஏறி இறங்கும். ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கும். பிளக் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும். மைலேஜ் 22க்கு வந்துவிட்டது. கவனியுங்கள், விட்டால் வெடிப்பது பொதுவாகக் காற்று அதிகமாவதன் அறிகுறி, பிளக் கறுப்பது பெட்ரோல் அதிகமாவதன் அறிகுறி. இரண்டும் ஒரே வண்டியில் எப்படி? இதில்தான் விஷயமே இருக்கிறது. ஓர் இடத்தில் தேவையில்லாத காற்று உள்ளே நுழைகிறது, இன்னோர் இடத்தில் தேவையில்லாத பெட்ரோல் நுழைகிறது, இரண்டும் ஒன்றை ஒன்று சமாளித்து வண்டி ஏதோ ஓடுகிறது. இப்படிப்பட்ட வண்டியில் ஒரே ஒரு குறையை மட்டும் சரிசெய்தால் வண்டி முன்பைவிட மோசமாகத்தான் ஓடும். உடனே "புது சாமான் சரியில்லை" என்று பழையதையே திரும்பப் போட்டுவிடுவார்கள். எத்தனையோ நல்ல சாமான் இப்படிக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறது. அதனால் பிரித்தால் முழுசாகப் பிரித்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோல் டேப்பை மூடி, ட்யூபை உருவி, மேல் மூடியைத் திருகி ஸ்லைடைக் கேபிளோடு தூக்கிவிட்டு, ஃபிளான்ஜின் இரண்டு நட்டைக் கழற்றினால் கையில் வந்துவிடும். மொட்டை மாடியிலோ காற்றோட்டமான இடத்திலோ வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் பூஜையறை விளக்கு, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். பெட்ரோல் தேங்குகிற கீழ்க் கப்பின் ஸ்டார் ஸ்க்ரூக்களுக்கு மட்டும் சரியான சைஸ் டிரைவர் வேண்டும். தலை மழுங்கினால் தலைவலி. ஏற்கெனவே மழுங்கியிருந்தால் கழற்றிய கையோடு ஆலன் போல்டுக்கு மாற்றிவிடுங்கள்.

முதலில் ஃபிளான்ஜ். எஞ்சின் ஹெட்டோடு கார்ப் உட்காருகிற முகம் அது. இரண்டு காதிலும் நட்டு, நடுவில் வட்டமான ஓ-ரிங். பெட்ரோல் வாசனை வருகிறது, ஐட்லிங் ஏறுகிறது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்த நட்டை இன்னும் ஒரு மிதி இறுக்கி இறுக்கி, முப்பது வருடத்தில் இரண்டு காதும் எஞ்சின் பக்கம் வளைந்து, நடுப்பகுதி பின்வாங்கிவிடும். ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியும். என் கார்பில் பாயின்ட் கேப் பார்க்க வைத்திருக்கிற ஃபீலர் கேஜின் (இடுக்கு அளக்கிற மெல்லிய தகடுகளின்) 0.20 மி.மீ. தகடு நடுவில் தாராளமாக நுழைந்தது. ஓ-ரிங் அவ்வளவையும் அடைத்துவிடாது, அதுவும் வெயிலில் போட்ட அப்பளமாட்டம் விறைத்துப்போன பழைய ஓ-ரிங்.

இதைச் சரிசெய்ய லேத் வேண்டாம். கண்ணாடிக் கடையில் 8 மி.மீ. கண்ணாடி வெட்டிய மிச்சத் துண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். வீட்டில் இருக்கிற எந்த மரப்பலகையும் டைல்ஸும் அந்தக் கண்ணாடி அளவுக்குச் சமதளம் கிடையாது. அதன்மேல் 320 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். ஃபிளான்ஜ் முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். ஸ்டட் ஏதும் பாடியில் இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். இப்போது முகத்தைப் பேப்பரில் வைத்து, எட்டு போடுகிற மாதிரி நகர்த்துங்கள். அழுத்தக்கூடாது, பாடியின் எடையும் விரல் எடையும் போதும். பத்துப் பன்னிரண்டு எட்டு போட்டுவிட்டு எடுத்துப் பார்த்தால் இரண்டு காதின் ஓரத்திலும் மட்டும் கோடு அழிந்து வெள்ளையாக இருக்கும், நடுவில் கோடு அப்படியே நிற்கும். எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை அந்த மையே காட்டிக்கொடுக்கும். பாடியை அரைத்திருப்பம் திருப்பிப் பிடித்து மறுபடி எட்டு. இல்லாவிட்டால் கை ஒரு பக்கம் பாரம் கொடுத்து முகம் சாய்ந்துவிடும். வெள்ளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக நகர்ந்து வரும், ஓ-ரிங் பள்ளத்தின் உதடு வரை வந்து, உதட்டைச் சுற்றி முழு வட்டமாகச் சேர்ந்ததும் நிறுத்திவிட்டு 600இல் கொஞ்சம் இழுத்து முடித்துவிடலாம். அதற்கு மேல் ஆசைப்படக்கூடாது. முகம் தேயத் தேய ஓ-ரிங் பள்ளத்தின் ஆழமும் குறையும். புது ஓ-ரிங்கைப் போட்டால் அது முகத்துக்கு மேலே லேசாகத் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும், ஆனால் முகமே உட்காராத அளவுக்குத் துருத்தவும் கூடாது.

எஞ்சினுக்கும் கார்புக்கும் நடுவில் இருக்கிற சூடு தடுக்கும் கறுப்புப் பேக்கிங்கையும் அதே கண்ணாடியில் தேய்த்துச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு முகம் சரியாக இருந்து, எதிர்முகம் வளைந்திருந்தால் எல்லாம் வீண்.

அடுத்தது பெட்ரோலைத் தின்கிற திருடன். நீடிலும் நீடில் ஜெட்டும். கீழே மெயின் ஜெட்டைக் கழற்றியதும் நீடில் ஜெட்டை ஒரு மரக்குச்சியால் மேலே தள்ளினால் ஸ்லைடு போகும் வழியாக வெளியே வரும். ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் நீடில் அதற்குள் ஆடி ஆடி உரசுகிறது. வருடக்கணக்கில் உரசினால் பித்தளைத் துளை வட்டம் மாறி முட்டை வடிவம் ஆகும், நீடிலில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பான பட்டை விழும். நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் அந்த இடத்தில் சின்னப் படி தட்டும். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மொபைல் கேமராவை மேக்ரோவில் வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், வெறும் கண்ணுக்குத் தெரியாதது அதில் தெரியும்.

இவ்வளவு சின்னத் தேய்மானம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஒரு கணக்குப் போடலாம். உதாரணத்துக்கு ஜெட்டின் துளை 2.60 மி.மீ., பாதி முறுக்கலில் அதற்குள் நிற்கிற நீடிலின் தடிமன் 2.50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் மேலே ஏறுவது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய வளையத்தின் வழியாக. அதன் பரப்பு சுமார் 0.40 சதுர மி.மீ. இப்போது துளை 0.02 மி.மீ. மட்டும் தேய்ந்து 2.62 ஆனால் பரப்பு 0.48 ஆகிறது. நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் தேய்மானத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோல் வழி கூடிவிட்டது. மிக்குனியின் நீடில் ஜெட் வரிசையில் பி-0, பி-2, பி-4 என்று போகும்போது ஒவ்வொரு படிக்கும் இருக்கிற வித்தியாசமே 0.01 மி.மீ. தான். அப்படியென்றால் இரண்டு சைஸ் பெரிய ஜெட்டைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறோம். மெக்கானிக் நீடிலின் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றி நீடிலை இறக்கிக் கொடுப்பார், கொஞ்ச நாள் பரவாயில்லை, அப்புறம் பழைய கதைதான். நீடில் இறங்கினால் அதன் வேறு தடிமன் முன்னுக்கு வருகிறது, முட்டைத் துளை முட்டையாகவே இருக்கிறது.

தேய்ந்த ஜெட்டை மீட்க வழியில்லை. துளையைச் சுருக்கலாம் என்று சுத்தியலால் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பேசிப் பயனில்லை. நீடிலும் ஜெட்டும் ஜோடியாக மாற்ற வேண்டியவை. ஆனால் கிட் வாங்கும்போது அப்படியே நம்பிவிடாதீர்கள். நீடிலின் தலைப்பக்கத்தில் ஒரு நம்பர் பொடியாக அடித்திருக்கும், அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழையதையும் புதியதையும் ஒட்டி வைத்து, சரிவு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று ஒப்பிடுங்கள், தேயாத மேல்பகுதியின் தடிமனை வெர்னியரில் அளங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. புதுப்பேட்டையில் கழித்துப் போட்ட கார்பிலிருந்து தேயாத நீடில் ஜெட் கிடைத்தால் அது பளபளக்கிற டூப்ளிகேட் கிட்டைவிட மேல். கோயம்புத்தூரில் எனக்குப் பழைய ஸ்டாக் வைத்திருக்கிற ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. கடைக்காரர் டப்பாவைத் துடைத்துக்கொண்டே, "இதெல்லாம் கேக்கறதுக்கு ஆள் இல்லீங்க, எல்லாரும் முழு செட்டா மாத்திட்டுப் போயிர்றாங்க" என்றார்.

மெயின் ஜெட், பைலட் ஜெட் இரண்டுக்கும் எதுவும் உரசாது. அவற்றைத் தேய்ப்பவர்கள் மனிதர்கள்தான். அடைப்பு எடுக்கிறேன் என்று ஊசி, குண்டூசி, பிரேக் கேபிள் கம்பி எல்லாம் விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும். வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கி, பிஸ்டனை உருவிப் போட்டுவிட்டு, நுனியில் சின்ன ரப்பர் ட்யூபில் ஜெட்டைச் செருகி, தண்ணீர் ஊற்றி எத்தனை வினாடியில் வடிகிறது என்று பாருங்கள். பழைய ஜெட், புது ஜெட், நண்பர் வண்டியின் ஜெட் மூன்றையும் ஒரே மாதிரி சோதித்தால் எது பெருத்திருக்கிறது, எது நம்பருக்கு ஒவ்வாதது என்று தெரிந்துவிடும். இதில் ஜெட்டின் உண்மையான அளவு தெரியாது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடத்தான் உதவும், நமக்கு அது போதும்.

பித்தளைச் சாமான்களைச் சுத்தம் செய்யப் புளித்தண்ணீரைவிட நல்லது எதுவும் இல்லை. குத்துவிளக்கு தேய்க்கிற அதே புளி. கால் மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் பச்சைக் களிம்பெல்லாம் போய்விடும். அம்மாதான், "புளி விக்கிற வெலைக்கு இதுக்கு வேற கரைக்கிறயா?" என்று சத்தம் போட்டார். ஆனால் கார்ப் பாடியை மட்டும் புளியிலோ எலுமிச்சையிலோ வினிகரிலோ போட்டுவிடாதீர்கள். பாடி துத்தநாகக் கலவையிலோ அலுமினியக் கலவையிலோ வார்த்ததாக இருக்கும், இரண்டையுமே புளிப்பு அரித்துவிடும். அதற்கு தின்னர், அல்லது கார்ப் கிளீனர் ஸ்ப்ரே. ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

பைலட் வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். ஸ்லைடுக்கு அடியில், எஞ்சின் பக்கம் தள்ளி, காற்று வழியின் தரையில் முடி நுழைகிற அளவுக்குப் பொடித் துளைகள் தெரியும். ஏர் ஸ்க்ரூவையும் பைலட் ஜெட்டையும் எடுத்துவிட்டு, ஜெட் இருந்த ஓட்டை வழியாக ஸ்ப்ரே அடித்தால் அந்தப் பொடித் துளைகளிலிருந்து நேராகப் பீச்ச வேண்டும். சும்மா கசிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம், ராத்திரி முழுக்க ஊறவிட்டு மறுபடி அடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், எந்தத் துளையிலிருந்து எந்தப் பக்கம் பீச்சும் என்று சொல்ல முடியாது, அந்த ஸ்ப்ரே கண்ணில் பட்டால் விளையாட்டு இல்லை. துளைக்குள் ஏதாவது விட்டே ஆக வேண்டுமென்றால் ஒயரிலிருந்து பிரித்த ஒற்றை செம்பு இழை, அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இனி ஸ்லைடு. எங்கள் பக்கம் கார்ப் பிஸ்டன் என்பார்கள். எஞ்சின் உறிஞ்சும்போது அது எஞ்சின் பக்கச் சுவரோடு போய் ஒட்டும், விட்டதும் திரும்பும். ஐட்லிங்கில் கார்ப் பக்கம் காதை வைத்தால் டக டக என்று சின்னச் சத்தம் கேட்கும். அதனால் ஸ்லைடு தேய்வது பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்தில்தான், கூடவே பாடியின் அதே பக்கச் சுவரும் தேயும். ஸ்லைடைப் பாடிக்குள் ஐட்லிங் உயரத்தில் வைத்து எஞ்சின் பக்கம் தள்ளிப் பிடித்து, எதிர்ப்பக்க இடுக்கில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பேன். 0.10 மி.மீ. தகடு சுலபமாக நுழைந்தால் என் கணக்கில் அது தேய்மானம். எது தேய்ந்தது, ஸ்லைடா பாடியா? ஒரு புது ஸ்லைடைக் கடன் வாங்கி அதே இடத்தில் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். என் விஷயத்தில் பெரும்பங்கு ஸ்லைடு, கொஞ்சம் பாடி.

இங்கிலாந்தில் பழைய டிரையம்ஃப், பிஎஸ்ஏ வண்டிகளின் அமால் கார்புரேட்டருக்கு இது தீராத வியாதி. அதில் பாடியும் ஸ்லைடும் ஒரே துத்தநாகக் கலவை, ஒரே உலோகம் தன்னோடு தானே உரசினால் வேகமாகத் தேயும். அவர்கள் பாடியைக் கடைந்து, ஸ்லைடுக்குப் பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ்ஸிலோ ஸ்லீவ் போட்டுக் கொடுப்பதைத் தனித் தொழிலாகவே வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் லேத்துக்கா பஞ்சம் என்று கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு பட்டறைக்குப் பாடியை எடுத்துக்கொண்டு போனேன். அந்த அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இது டைகாஸ்ட்டுங்க. ஜாவுல கொஞ்சம் கெட்டியா புடிச்சாலே நெளிஞ்சுக்கும். போர் பண்ணி புஷ் அடிச்சுத் தரலாம், பெரிய வேலையில்ல. ஆனா கீழ இருக்கற ஜெட்டு ஓட்டைக்கு சென்டர் கரெக்டா வரோணும். வரலீன்னா ஊசி ஒரு பக்கமா ஒரசும். அப்பறம் நீங்க புதுசா வாங்குன ஜெட்டு என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப என்ன பண்றதுங்ண்ணா?"

"புது பிஸ்டன் போட்டு ஓட்டுங்க. இன்னும் தேஞ்சா வாங்க, ஃபிக்சர் பண்ணிப் பாத்துக்கலாம்."

வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்கிற லேத்காரரை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் சொன்னதுபோல் புது ஸ்லைடுதான் போட்டேன். வாங்கும்போது அடிப்பக்க வெட்டின் நம்பர் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். மாட்டும்போது வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும், பக்கவாட்டுக் காடி பாடியின் உள்ளே இருக்கிற சின்னப் பின்னில் உட்கார வேண்டும். ஸ்லைடு கைவிட்டால் தன் எடையிலேயே கீழே இறங்க வேண்டும். பழைய ஸ்லைடின் ஓரத்தில் பிசிறு இருந்தால் 1000 நம்பர் பேப்பரால் லேசாக எடுக்கலாம், அதற்கு மேல் தேய்த்தால் தேய்மானத்தை நாமே கூட்டுகிறோம்.

யாரும் பார்க்காத சாமான் ஒன்று உண்டு, சோக் பிளஞ்சர். அதன் அடியில் ஒரு சின்ன ரப்பர் வட்டு, சோக்கை மூடினால் அது பெட்ரோல் வழியை அடைக்க வேண்டும். ரப்பர் காய்ந்து நடுவில் வளையமாகப் பள்ளம் விழுந்துவிட்டால், சோக் மூடியிருந்தாலும் பாதி திறந்த மாதிரிதான். காலையில் சோக் போடாமலேயே வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது என்று பெருமைப்படுகிறவர்கள் இதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். புது பிளஞ்சர் கிடைக்காவிட்டால் பழைய ரப்பரைக் கிளறி எடுத்துவிட்டு, விட்டான் (Viton) என்கிற, பெட்ரோலைத் தாங்குகிற ரப்பர் ஷீட்டில் அதே அளவு வட்டு வெட்டிச் செருகலாம். விட்டான் ஏனென்றால் இப்போது பங்க்கில் போடுகிற பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது, சாதாரண ரப்பர் அதில் ஊறிப் பருத்துவிடும்.

கப்பில் பெட்ரோல் மட்டம் ஏறியதும் மிதவை (ஃப்ளோட்) தூக்கி வழியை மூடுவது ஃப்ளோட் நீடில். அது உட்காருகிற பித்தளை சீட்டில் வளையக் கோடு விழுந்திருந்தால், காது குடைகிற பட்ஸில் பிராசோ பாலிஷ் தொட்டு, கை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்றினால் பளிச்சென்று ஆகிவிடும். நீடிலின் முனையில் பள்ளம் இருந்தால் அது குப்பைக்குத்தான். பிறகு கார்பைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் ட்யூபில் வாய் வைத்து ஊதுங்கள், ஃப்ளோட்டின் எடைக்கே காற்று நின்றுவிட வேண்டும். அதே நிலையில் ஃப்ளோட்டின் கை பாடியின் அடிமுகத்துக்கு இணையாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம், இல்லையென்றால் அதன் நாக்கை மட்டும் துளி வளைக்க வேண்டும்.

மாட்டும்போது ஃபிளான்ஜ் நட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, சின்ன ஸ்பானரில் விரல் பலத்தோடு நிறுத்துங்கள். நீள ஸ்பானர் வேண்டாம், அதுதானே முதலில் வளைத்தது. ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே உட்காரும் வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு இதிலிருந்து அரைச் சுற்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடினால் ஐட்லிங் தெளிவாக ஏறுகிற இடம் கிடைக்கும். இந்தக் கார்பில் உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் காற்று கூடும். எவ்வளவு திருகினாலும் ஒன்றுமே மாறவில்லை என்றால் எங்கேயோ இன்னும் ஓட்டை இருக்கிறது, மறுபடி பிரியுங்கள். ஃபிளான்ஜைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் சொட்டிப் பார்த்தால் காற்று இழுக்கிற இடத்தில் ஐட்லிங் தடுமாறும்.

எல்லாம் முடிந்து ஓட்டியபோது ஆச்சரியமாக ஒன்று நடந்தது. ஐட்லிங் நன்றாக நிற்கிறது, அரை முறுக்கலில் நிதானமாகப் போகிறது, ஆனால் முக்கால் தாண்டினால் இழுவை இல்லை, எஞ்சின் வறண்டு ஓடுகிற மாதிரி. யோசித்தால் காரணம் எத்தனால். வெறும் பெட்ரோல் முழுசாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்குச் சுமார் 9 போதும். கலந்த பெட்ரோலுக்கு அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் தேவை. 1993இல் ஜெட்டைத் தீர்மானித்தவர்கள் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குத் தீர்மானித்தார்கள். இத்தனை நாள் தேய்ந்த நீடில் ஜெட்டும் காய்ந்த சோக்கும் கள்ளத்தனமாகக் கொடுத்த பெட்ரோல் இந்தக் குறையை மூடி வைத்திருந்தது. மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றினேன், நீடிலை ஒரு காடி தூக்கினேன். தேய்மானம் எல்லாம் போன பிறகு செய்கிற இந்த மாற்றத்துக்குத்தான் ட்யூனிங் என்று பெயர் வைக்கலாம்.

இப்போது மைலேஜ் 30ஐத் தொட்டுத் தாண்டுகிறது, பிளக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கிறது. பெரியப்பா ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஐட்லிங்க இன்னும் எறக்கு, ஒவ்வொரு அடியா கேக்கோணும்" என்றார். இப்போது இறக்கினாலும் நிற்கும்தான். ஆனால் புல்லட்டின் ஆயில் பம்ப் எஞ்சின் வேகத்துக்குத்தான் சுற்றும், ரொம்ப இறக்கினால் மேலே போகிற ஆயிலும் குறையும். அவர் போன பிறகு பழைய இடத்துக்கே ஏற்றி வைத்துவிட்டேன்.

வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கப்பில் இருக்கிற பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் கப்பின் அடியில் தங்கி வெள்ளைப் பொடியாகப் பூத்து, முதலில் அடைப்பது அந்தப் பைலட் வழியைத்தான். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஃபிளான்ஜ் நட்டை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், புது ஓ-ரிங் உட்கார்ந்து கால் திருப்பம் தளர்ந்திருக்கும்.